ஹானின் கடைசி இங்கிலீஷ்

"மா கோ...!"

ரஞ்சனாவின் வங்காள அலறலில் கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

2001, ஜூலை. காலை ஒன்பதே முக்கால். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

கொரியக் கிரேன் கம்பெனியின் இரண்டு மாடி ஆபீஸ். அதன் பின்பக்கத்து இரும்பு மாடிப்படி. படிக்குக் கீழே, சேற்றில், குப்புற...

மிஸ்டர் ஹான்!

துறைமுகத்தில் கிரேன் நிறுவ சியோலிலிருந்து வந்திருந்த ஆறு இன்ஜினீயர்களில் ஒருவர்.

டைப்பிஸ்ட் ரஞ்சனா குனிந்து பார்த்தாள்.

மூச்சு இருந்தது. நூலளவு!

ஆம்புலன்ஸ் அவரை அலிப்பூர் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போன அரைமணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் டெபுடி கமிஷனர் பன்னீர்செல்வம். வேலூர்க்காரர். வங்காளப் போலீஸில் பதினோரு வருடம். ஹானின் மேஜையைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் அடித்த ஒரு கடிதம் கிடந்தது. படித்தார். மீசையை நீவினார்.

"இங்க யாருங்க இங்கிலீஷ் டீச்சர்?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"நான்தான் சார்..."

பதற்றத்தில் தமிழ் வந்துவிட, ஷியாமளா எழுந்தாள். முப்பத்தாறு வயது. சால்ட் லேக் அரசுக் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, வாரம் மூன்று நாள் வந்து, இந்த ஆபீஸுக்குள்ளேயே கொரியர்களுக்கு இங்கிலீஷ் நடத்துபவள்.

"தமிழா? நல்லதாப் போச்சு. உங்கள அரெஸ்ட் பண்ற மாதிரி இருக்கு. தமிழ்லயே பண்ணிடலாம்."

"அ... அரெஸ்ட்டா?"

பன்னீர்செல்வம் கடிதத்தை உரக்கப் படித்தார்.

"ரெஸ்பெக்டட் சார்... ஐ பெக் டு ஸ்டேட் தட், டியூ டு டார்ச்சர் ஆஃப் இங்கிலீஷ் கிளாஸ், மை குட்செல்ஃப் இஸ் கமிட்டிங் சூசைட். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல். தேங்கிங் யூ. யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி, ஹான்."

நிமிர்ந்தார்.

"உங்க கிளாஸ் கொடுமை தாங்காம சாகப் போறாராம். ஆவன செய்யச் சொல்லிக் கேட்டுக்கறார். என்னம்மா இது?"

ஷியாமளா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சார், நான் சொல்லலாமா?" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது.

குருமூர்த்தி. கம்பெனியின் ஸ்டோர்ஸ் மேனேஜர். கும்பகோணம். கழுத்தில் டை. அந்த டையை ஜூலைப் புழுக்கத்திலும் தளர்த்தாதவர்.

"மேடம் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட் சார். நேத்திக்குக்கூட எல்லாரும் பார்க்க அந்த மனுஷனைத் திட்டினா. அஞ்சாங்கிளாஸ் பையன்கூட உன்னைவிட நன்னா எழுதுவான்னு. பாவம்... அவர் முகம் செத்துப்போச்சு."

"திட்டினீங்களா?"

"திட்டினேன் சார்." ஷியாமளா ஒப்புக்கொண்டாள். "நாலு மாசமா ஒரு 'வாஸ்' வரல அவருக்கு. பொறுமை போயிடுச்சு. அதுக்காக..."

தன்னால் ஒரு மனிதன் சாகக் கிடக்கிறானா?

"சார், அந்த லெட்டர ஒரு தடவை நான் பார்க்கலாமா?"

வாங்கினாள். படித்தாள். பழக்கதோஷத்தில் வலது கை சிவப்புப் பேனாவைத் தேடியது.

இரண்டாவது வரியில் அவள் கண் நின்றது!

"சார்... இது ஹான் எழுதினதே இல்ல!"

"எப்படிச் சொல்றீங்க?"

அவள் பீரோவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இது அவரோட ஹோம்வொர்க். நேத்து எழுதினது. படிங்க."

படித்தார்.

"யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட். ஃபிஷ் இஸ் பிக். ஐ ஆம் ஹேப்பி ஃபிஷ்."

"இந்த மனுஷனுக்கு ராத்திரியோட ராத்திரியா 'ஐ பெக் டு ஸ்டேட்' எங்கிருந்து சார் வரும்? கொரியாவுல எந்த ஸ்கூல்லயும் இத சொல்லித் தர மாட்டாங்க. 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' எல்லாம் நம்ம ஊரு சர்க்கார் ஆபீஸ் சரக்கு!"

"ஏம்மா, அதுல என்ன தப்பு?" பன்னீர்செல்வம் லேசாகக் காயப்பட்டிருந்தார். "கமிஷனருக்கு நானே அப்படித்தான் எழுதறேன்."

"அதான் சார் சொல்றேன். இத எழுதினது ஒரு இந்தியன்!"

பன்னீர்செல்வம் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"காலைல இந்த ஆபீஸ்ல இருந்த இந்தியர்கள் யார் யார்?"

"நானும் குருமூர்த்தி காக்குவும்தான் சார்," என்றாள் ரஞ்சனா. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; மாமாவுக்குக் 'காக்கு', அக்காவுக்குத் 'தி' என்று வங்காளம் கலந்துதான் பேசுவாள். "ஷியாமளா தி பத்து மணிக்குத்தான் வந்தாங்க. மற்ற கொரியன் சார் எல்லாரும் அப்ப டாக்ல இருந்தாங்க."

ஷியாமளா டெபுடி கமிஷனரின் அருகில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னாள்.

அவர் மீசை ஒரு பக்கமாக ஏறியது.

"ரெண்டு பேரும் உட்காருங்க. இன்னிக்குக் காலைல என்ன செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல!"

குருமூர்த்தி புன்னகைத்தார்.

"வித் பிளெஷர் சார்! இந்த ஆபீஸ்லயே என்னோட டிராஃப்டிங்தான்..."

பத்து நிமிடம்.

ரஞ்சனா மூன்று வரி எழுதியிருந்தாள். டைப் அடித்தேன், சத்தம் கேட்டது, போய்ப் பார்த்து அலறினேன்.

குருமூர்த்தி ஒன்றரைப் பக்கம்!

ஷியாமளா வாங்கிப் படித்தாள். அவள் விரல் முதல் வரியிலேயே குத்தி நின்றது.

"சார்! 'மை குட்செல்ஃப் வாஸ் டேக்கிங் டீ இன் தி கேன்டீன்.' லெட்டர்லயும் அதே 'மை குட்செல்ஃப்'!"

"அதுக்கென்ன?"

"'யுவர் குட்செல்ஃப்'னு எதிராளிக்குத்தான் சார் மரியாதையா எழுதுவாங்க. தனக்கே போட்டுக்கறது... 'நான் வந்தாங்க'ன்னு சொல்ற மாதிரி! இந்தத் தப்ப ஊர்ல எல்லாரும் பண்ண மாட்டாங்க. ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க மட்டும்தான் பண்ணுவாங்க!"

குருமூர்த்தியின் டை முதல்முறையாகத் தளர்ந்தது. அவரே இழுத்துத் தளர்த்திக்கொண்டார்.

"இ... இது இங்கிலீஷ் மிஸ்டேக் சார். இதுக்கெல்லாம் கேஸ் போடுவேளா?"

"இங்கிலீஷுக்குப் போட மாட்டேன். மாடிப்படிக்குப் போடுவேன். அந்த லெட்டர் எந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சதுன்னு பார்க்க ஆள் வர்றான். அதுக்கு முன்னால நீயே சொல்லிட்டா உனக்கு நல்லது. சொல்லுய்யா!"

குருமூர்த்தி நாற்காலியில் சரிந்தார்.

"காப்பர் கேபிள் சார்... வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு லாரி. பம்பாய்ப் பார்ட்டிக்கு. போன்ல இங்கிலீஷ்லயே பேசிப்பேன், குடோன் ஆளுங்களுக்குப் புரியக்கூடாதுன்னு. ஹான் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பான். அவனுக்குத்தான் ஒரு எழவும் தெரியாதே! ஆனா இன்னிக்கு மேல் படியில நின்னுண்டு லாரியை போட்டோ எடுத்திண்டிருந்தான். பார்த்தேன்... பின்னாலேர்ந்து ஒரு தள்ளு... கேமராவை டாக் தண்ணில போட்டுட்டேன். ஆம்புலன்ஸ் கலாட்டால அந்த லெட்டரை அடிச்சு அவன் மேஜைல வச்சுட்டேன்."

"பழி மட்டும் எனக்கா?" ஷியாமளாவின் கண் கொதித்தது.

"நேத்து நீங்க திட்டினேளே மேடம்... சட்டுனு அதான் ஞாபகம் வந்தது."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

மூன்றாம் நாள்.

அலிப்பூர் ஆஸ்பத்திரி. தலையில் கட்டோடு ஹான் கண் விழித்திருந்தார். பன்னீர்செல்வம் ஒரு பக்கம். ஆரஞ்சுப் பழப் பையோடு ஷியாமளா மறுபக்கம்.

"ஹலோ... மிஸ்டர்... ஹான்." ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போலப் பேசினாள். "ஹவ்... ஆர்... யூ?"

ஹான் சிரித்தார்.

பிறகு வாயைத் திறந்தார்.

சரளமான இங்கிலீஷ்! பி.பி.சி.யில் செய்தி வாசிப்பது போல!

லண்டனில் ஆறு வருடம் படித்தாராம். இன்ஜினீயரே இல்லையாம். சியோல் தலைமை அலுவலகத்தின் ரகசிய விசாரணை அதிகாரியாம். கேபிள் காணாமல் போவதைக் கண்டுபிடிக்க வந்தவராம். பாஷை தெரியாதவன் எதிரில் திருடன் குரலைத் தாழ்த்த மாட்டான் என்பதால் இந்த வேஷமாம்!

ஆரஞ்சு ஒன்று பையிலிருந்து நழுவி உருண்டது.

"அப்ப..." ஷியாமளாவுக்கு இங்கிலீஷே மறந்துபோய்த் தமிழில் வந்தது. "நாலு மாசமா என் கிளாஸ்ல உட்கார்ந்து... தெரியாத மாதிரியே..."

பன்னீர்செல்வம் அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்.

ஹான் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். சொன்னார். பன்னீர்செல்வம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார்.

"முதல் மாசம்தான் நடிச்சாராம் மேடம். அதுக்கப்புறம் உங்க கிளாஸைக் கேட்டுக் கேட்டு... அதுவே இயல்பா வந்துடுச்சாம்!"