கணக்கில் வராத ஹன்னா

ஒவ்வொரு நாள் மாலையும் அம்மா கைபேசியில் அழைப்பார். முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"வீட்டில ஆர் ஆர் நிக்கிறீங்கள்?"

அன்று புதன்கிழமை. கோசிகா தன் தம்பி யதுசனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வாய்க்கு ஒரு கதை கேட்டான். விடியுமுன் பேக்கரி வேலைக்குப் போய்வந்த அப்பா, சாமிப்படத்தின் முன் விளக்கேற்றித் தேவாரம் பாடத் தொடங்கி, இரண்டாம் அடியிலேயே சுவரில் சாய்ந்து உறங்கிப்போயிருந்தார்.

"மூண்டு பேர்," என்றாள் கோசிகா. அவளுக்கும் கண் சொருகியது.

மறுமுனையில் அம்மா, "மூண்டு பேர்," என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு, "சரி பிள்ளை. அப்பாவை எழுப்பிச் சாப்பிடச் சொல்லுங்கோ," என்றார்.

அம்மா நகரின் இன்னொரு கோடியில், ஹவுன்ஸ்லோவில், நோயுற்ற ஒருவரின் வீட்டிலேயே தங்கி, அவரைப் பராமரிக்கும் வேலை செய்தார். இரண்டு வாரம் அங்கே. ஒரு வாரம் நோர்பரியில், தம் வீட்டில். இது அங்கே இருக்கும் வாரம்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் கோசிகா நூலகத்துக்குச் சென்றாள். அவளுடைய வகுப்பு ஆசிரியை மிஸ் ஹோல்ட் ஒரு வேலை கொடுத்திருந்தார். பள்ளிக்கு அருகிலுள்ள பழைய தெருவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று கண்டறிந்து, ஓர் அட்டையில் வரைய வேண்டும். இருவருக்கு ஒரு வீடு. வெள்ளிக்கிழமை காலை எல்லாருடைய படங்களும் பள்ளி மண்டபத்துச் சுவரில் ஏறும்.

கோசிகாவின் கூட்டாளி ஆதித்யா. சென்னையிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவன் முன்னதாகவே வந்து கணினியைப் பிடித்து வைத்திருந்தான்.

"வா, வா. நம்ம வீட்டுக்காரங்களைக் கண்டுபிடிச்சிட்டேன்," என்றான்.

இந்த நாட்டில் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசனக் கணக்கு எடுக்கிறார்கள். அந்தப் பழைய தாள்களைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். 1871ஆம் ஆண்டுத் தாளில் இரண்டே பெயர்கள் இருந்தன: செங்கல் சூளைத் தொழிலாளி ஜோசப் டன்ஸ்டன், அவன் மனைவி ஹன்னா, வயது இருபத்துநான்கு, பிறந்த ஊர் ரைகேட்.

"இந்தக் கையெழுத்தைப் பாரேன். எங்க டாக்டர் மாமா எழுதின மருந்துச்சீட்டு மாதிரியே இருக்கு," என்றான் ஆதித்யா. பிறகு 1881ஆம் ஆண்டுத் தாளைத் திறந்தான்.

அதே வீடு. ஜோசப். மகள் ஈடித், வயது ஒன்பது. மகன் வால்ட்டர், வயது ஆறு. அவ்வளவுதான்.

"ஹன்னா எங்க?" என்று கேட்டாள் கோசிகா.

"செத்துப் போயிட்டாங்க. அந்தக் காலத்துல நிறையப் பேர் அப்படித்தான். நான் படத்துலயும் போட்டுட்டேன்."

அவன் பெரிய அட்டையை விரித்தான். நடுவில் அழகான குடும்ப மரம். ஹன்னாவின் பெயருக்குப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் தடித்த சிலுவை ஒன்று.

கோசிகா தாளிலிருந்த பெயர்களைத் திரும்பப் படித்தாள். ஒன்பது வயது ஈடித். அவளுக்கு ஒரு தம்பி. வேலையிலிருந்து வந்து அலுத்துத் தூங்கும் அப்பா. நேற்று இரவு தன் வீட்டுக் கதவை யாரேனும் தட்டிக் கணக்கெடுத்திருந்தால்?

"ஆதித்யா, இரவு அந்த வீட்டில படுத்த ஆக்களின்ர பேரைத்தானே எழுதுறவை?"

"ஆமா. மிஸ் அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப நேற்று கணக்கெடுக்க வந்திருந்தால் எங்கட அம்மாவின்ர பேரும் இருந்திராது. அதுக்காக அம்மா இல்லையெண்டு எழுதுவியோ?"

ஆதித்யா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

கோசிகா தாளை மறுபடியும் ஊன்றிப் பார்த்தாள். ஜோசப்பின் பெயருக்கு நேரே மணமானவரா, மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்று குறிக்கும் இடம் இருந்தது. அதில் எழுதியிருந்தது, 'மணமானவர்'.

"பார். ஹன்னா செத்திருந்தால் இப்பிடி எழுதியிருக்க மாட்டினம்."

"அப்போ எங்க போனாங்க?"

"தேடுவம்."

தேடுவது எளிதாக இல்லை. ஒரு ஹன்னா டன்ஸ்டன் மூன்று வயதுக் குழந்தை. இன்னொருத்தி எண்பது கடந்தவள். அடுத்தவள் எங்கோ வடக்கே பிறந்தவள். ஆதித்யா மேசையில் தலையைச் சாய்த்தான். நூலகர் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

"நாளைக்குக் காலையில மாட்டணும், கோசிகா. விட்டுடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். ஈடித்தின்ர அம்மாவை நான் சும்மா சாகடிக்க ஏலாது. இன்னும் ஒண்டே ஒண்டு பாப்பம்."

அந்த ஒன்று கிளாப்பம் பகுதியில் ஒரு துணிக்கடைக்காரரின் வீடு. கடைக்காரர், அவர் மனைவி, ஒரு குழந்தை. குழந்தையின் வயது ஐந்து நாள். கடைசி வரியில்: ஹன்னா டன்ஸ்டன், மணமானவர், வயது முப்பத்துநான்கு, பிறந்த ஊர் ரைகேட். தொழில், செவிலி.

ஆதித்யா மேசையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"பிள்ளை பெத்த வீட்டில தாயையும் பிள்ளையையும் பாக்க நிண்டிருக்கிறா," என்றாள் கோசிகா மெதுவாக. "வேலைக்குத்தான் போயிருக்கிறா."

ஆதித்யா அவசரமாக 1891ஆம் ஆண்டைத் திறந்தான். பழைய வீட்டில் ஜோசப்பின் பெயருக்குக் கீழே ஹன்னா இருந்தாள்.

"வீட்டுக்கு வந்துட்டாங்க," என்று சிரித்தான். மறுகணமே அவன் முகம் வாடியது. சிலுவையை விரலால் தேய்த்துப் பார்த்தான். விரல்தான் கறுத்தது. "இது போகாது. வேற அட்டையும் இல்லை. எல்லாரும் என்னைத்தான் கேலி பண்ணுவாங்க."

கோசிகா அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். மார்க்கரை எடுத்துச் சிலுவையைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்தாள். சிலுவை நான்கு கண்ணாடிகள் கொண்ட சன்னல் ஆயிற்று. சன்னலைச் சுற்றி ஒரு வீடு. கூரைமேல் ஒரு புகைபோக்கி. கண்ணாடிகளுக்கு மஞ்சள் தீட்டினாள்.

"இது கிளாப்பம் வீடு. ஹன்னா உள்ள நிக்கிறா. விளக்கு எரியுது."

ஆதித்யா அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "நான் முதல்லயே இதைத்தான் வரைய நினைச்சேன்," என்றான்.

"ஓம், ஓம். முகத்திலயே தெரிஞ்சது," என்றாள் கோசிகா.

வீட்டுக்கு வந்தபோது அவளுக்குக் கால் வலித்தது. யதுசன் இன்னும் சாப்பிடவில்லை. அப்பா இன்று தேவாரத்தின் மூன்றாம் அடிவரை வந்து உறங்கியிருந்தார். கைபேசி அடித்தது.

அம்மாவின் குரலும் களைத்திருந்தது. "வீட்டில ஆர் ஆர் நிக்கிறீங்கள்?"

"நாலு பேர், அம்மா."

"நாலோ? ஆர் வந்திருக்கினம்?"

"ஒருத்தரும் வரேல்லை. நான், அப்பா, யதுசன், நீங்கள். ஒராள் வேலைக்குப் போயிருக்கிறா."