கைக்கு முத்தம், மேடம்!

போன் அலறியது.

ஒப்பனை அறைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த வதாஸ் மெலிண்டா எடுத்தாள். கேட்டாள். வைத்தாள்.

அப்புறம் அவளும் அலறினாள்!

"ஐயோ...! என்னைக் கொல்லப் போறாங்களாம்...!"

'தங்கத் தொண்டை' பாட்டுப் போட்டியின் தலைமை நடுவர் அலறினால் சும்மாவா? ஹங்கேரியில் அவள் முகம் தெரியாத வீடு கிடையாது. அவள் நாக்குக்குப் பயப்படாத பாடகனும் கிடையாது.

பாதுகாப்பு வேலைக்கு வந்து, ஓசி சீஸ் பன் மென்றுகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் கெரென்ச்சேர் ஓட்டோ ஓடிவந்தார். பின்னாலேயே சார்ஜென்ட் பன்னா.

"என்ன சொன்னான் மேடம்?"

"'இன்னிக்கு நடுவர் நாற்காலியில உட்கார்ந்தா பிணமாத்தான் எழுந்திருப்பே'ன்னான்! அப்புறம்..."

"அப்புறம்?"

"'கைக்கு முத்தம், மேடம்'னு சொல்லிட்டு வெச்சுட்டான்!"

பன்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கொலை மிரட்டல்லயும் மரியாதையா? பெத்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க சார்!"

பெரிய மனுஷியைப் பார்த்தாலும், விடைபெற்றாலும் இந்த ஊரில் எல்லாரும் சொல்கிற வணக்கம்தான் அது. ஆனால் அந்தக் கட்டடத்தில் மூச்சுக்கு மூச்சு அதைச் சொல்கிறவன் ஒருவன்தான். தரை துடைக்கும் அம்மாவுக்குக்கூடச் சொல்வான்.

கலான்யோஷ் ரெனாத்தோ. பரான்யா பக்கத்துக் கிராமத்துப் பையன்; 'ஜிப்சி' என்று ஊர் ஒதுக்கிவைக்கும் ரோமா இனம். இறுதிச் சுற்றில் மிஞ்சிய இருவரில் ஒருவன். இன்னொருவன் கொர்னேல், மெலிண்டாவே பயிற்சி கொடுத்த சிஷ்யன்.

ஓட்டோ மெலிண்டாவின் போனில் வந்த எண்ணைப் போட்டியாளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

ரெனாத்தோவின் எண்!

"நான் அப்பவே சொன்னேன்..." தயாரிப்பாளர் தார்னோக் உதட்டைச் சுழித்தார். "இவனுங்க புத்தி எங்க போகும்?"

ஓட்டோ விலங்கை உருவிக்கொண்டு கிளம்பினார். தார்னோக்குக்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ரெனாத்தோ படிக்கட்டுக்கு அடியில் தனியாக நின்று பாடிப் பழகிக்கொண்டிருந்தான்.

"நீட்டுடா கையை!"

"சார்...? என்ன சார் பண்ணேன்?"

"மேடத்துக்கு யார் போன் பண்ணா?"

"போனா? நிகழ்ச்சிக்கு முன்னாடி பாடறவங்க எல்லார் போனையும் கூடையில வாங்கி வெச்சுட்டாங்களே சார்! தாழ்வாரத்துலதான் கிடக்கு. யார் வேணா எடுக்கலாமே!"

"அதெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லு!"

க்ளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது.

மேடைக்குப் பின்னால் சுற்றும் கேமரா பாய்ந்து வந்தது. தார்னோக் கத்தினார்.

"நேரடியா அனுப்பு! கையை நெருக்கமா காட்டு! நேயருங்க வாக்கு பிச்சுக்கிட்டுப் போகும்!"

ரெனாத்தோவின் முகம் வெளுத்தது.

"சார்... எங்க ஊர் மன்றத்துல திரை கட்டி ஊரே பார்த்துட்டு இருக்கு. அம்மா முன்வரிசையில இருப்பாங்க. கையை மட்டும்... எதையாவது போட்டு மூடுங்க சார். உங்க காலைப் பிடிக்கிறேன்."

ஓட்டோ தன் கோட்டைக் கழற்றி விலங்கின் மேல் போட்டார். பையனின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. இன்னும் சற்று நேரத்தில் அவன் பெயரை மேடையில் கூப்பிடுவார்கள். அவன் இல்லையென்றால் பட்டம் கொர்னேலுக்கு.

வாக்குமூலம் வாங்க மறுபடி மெலிண்டாவிடம் போனார். அவள் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

"என் கைகால் நடுங்குது இன்ஸ்பெக்டர்... பேசவே முடியல..."

"சரி மேடம், ஓய்வெடுங்க. கைக்கு முத்தம்!"

"போயிட்டு வாங்க, தங்கம்!"

கணீரென்று வந்தது பதில்! விக்கல் இல்லை, நடுக்கம் இல்லை.

கதவருகே ஓட்டோ அப்படியே நின்றுவிட்டார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் பன்னாவின் காதைக் கடித்தார்.

"பன்னா... ஒருத்தர் கைக்கு முத்தம்னு சொன்னா, நம்ம ஊர்ப் பொம்பளை பதில் சொல்லாம இருப்பாளா?"

"எங்க அத்தை பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துகிட்டே பதில் சொல்லுவாங்க சார்!"

"பயந்து செத்துக்கிட்டு இருந்தா?"

"அப்ப எப்படி சார் வரும்? அலறல்தான் வரும்."

"அந்த அம்மா சட்டையில மைக் மாட்டியிருந்துச்சு, கவனிச்சியா?"

ஒப்பனை போடும்போதே நடுவர்களுக்கு மைக்கைக் குத்திவிடுவார்கள். குத்தியதும் பதிவு ஓட ஆரம்பித்துவிடும். மைக் ஒரு பூச்சி அளவுதான். மறந்துபோவது சுலபம்.

ஒலிப்பதிவு அறையில் ஓட்டவிட்டுக் கேட்டார்கள். மெலிண்டாவின் குரல்:

"ம்... ம்ம்... போதும் போதும்... போயிட்டு வா, தங்கம்!"

அப்புறம் காபி உறிஞ்சும் சத்தம். கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம்.

அதற்கு அப்புறம்தான்...

"ஐயோ...! என்னைக் கொல்லப் போறாங்களாம்...!"

"அடிப்பாவி!" என்றாள் பன்னா.

ரெனாத்தோ பாடாவிட்டால் யாருக்கு லாபம்? ஓட்டோ நேராகக் கொர்னேலிடம் போனார். பளபளக்கும் கோட்டில் நின்றிருந்தவன் அவரைப் பார்த்ததுமே உடைந்துவிட்டான்.

"மேடம்தான் சார் சொல்லிக் கொடுத்தாங்க... கூடையில இருந்து அவன் போனை எடு, என்னை மிரட்டு, கடைசியில அவன் மாதிரியே கைக்கு முத்தம்னு சொல்லுன்னு. இந்த வருஷமும் சிஷ்யன் தோத்தா அவங்க நாற்காலி போயிடுமாம்."

"உனக்கு எங்கடா போச்சு புத்தி?"

"அவன் பாடினா நான் ஜெயிக்க மாட்டேன் சார். எனக்கே தெரியும்..." கொர்னேல் முகத்தை மூடிக்கொண்டான். "அவன் கையில விலங்கைப் பார்த்தேன் சார். ஆனாலும் வாயைத் திறக்கலையே நான்... தூ!"

ஓட்டோ ரெனாத்தோவிடம் ஓடினார். விலங்கைத் திறந்தார்.

"மன்னிச்சுடு தம்பி. போன் நம்பரைப் பார்த்தேன், உன் மூஞ்சியைப் பார்த்தேன், தீர்ப்பே எழுதிட்டேன். வேற பையனா இருந்தா கூடையை யார் தொட்டான்னு முதல்ல கேட்டிருப்பேன். வெட்கமா இருக்கு."

ரெனாத்தோ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

"இதை எனக்குச் சொல்லி என்ன சார் பிரயோஜனம்? எங்க அம்மாவுக்குச் சொல்லுங்க. அதோ, அந்தக் கேமராவைப் பார்த்து."

ஓட்டோ கேமராவைத் திரும்பிப் பார்த்தார். கேமரா என்றால் நாடே பார்க்கும். மேலதிகாரி பார்ப்பார். மனைவி பார்ப்பாள்.

போனார்.

கண் கூசும் வெளிச்சத்தில், கோட்டும் இல்லாமல், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா... உங்க பையன் ஒரு தப்பும் பண்ணலை. தப்புப் பண்ணினது நான். அவசரப்பட்டு விலங்கு மாட்டினதும் நான். என்னை மன்னிச்சுடுங்க. கைக்கு முத்தம்மா."

தார்னோக் மெல்ல நழுவிப் போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"கலான்யோஷ் ரெனாத்தோ...!" அறிவிப்பாளர் கூப்பிட்டார்.

அவன் மேடைப் படியில் கால் வைத்த அதே நேரம், பக்கவாட்டுக் கதவு வழியாக மெலிண்டாவை இழுத்துக்கொண்டு வந்தாள் பன்னா. கண் மை கன்னம் முழுக்க வழிந்திருந்தது; கைகள் சால்வைக்குள் மறைந்திருந்தன. இருவரும் நேருக்கு நேர்!

பழக்கதோஷம் விடுமா? ரெனாத்தோவின் வாயில் தானாக வந்தது.

"கைக்கு முத்தம், மேடம்!"

மெலிண்டாவின் உதடு துடித்தது. பதில் வரவில்லை. தலை மட்டும் தொங்கிப்போனது. ரெனாத்தோ படியேறிப் போய்ப் பாட ஆரம்பித்தான். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் குரல் நிமிர்ந்துவிட்டது.

"பாவம், பதிலே வரலையே..." என்றார் ஓட்டோ.

"முத்தத்துக்குக் கையை நீட்டணுமே சார்," பன்னா கண்ணடித்தாள். "நீட்டினா விலங்குல்ல தெரியும்!"