வாப்பாவுக்கு ஒரு சலாம்

"மையவாடி வாசல்ல நிண்டுக்கிட்டு பீடி குடிக்கிறீங்களே... கொஞ்சமாவது அதபு மரியாத வேணாமா?"

குடைக்குள் நின்று சீறினாள் றஹீமா. மழைக்கு ஒதுங்கியிருந்த அந்த மனிதன் திடுக்கிட்டுப் பீடியைக் கீழே போட்டான். அவன் கண்களைப் பார்த்ததும் அவள் கோபம் பாதியாகிவிட்டது. பல நாள் தூங்காத கண்கள்...

அழத்தான் அவள் வந்திருந்தாள். பெண்கள் மையவாடிக்குள் போகும் வழக்கமில்லை. ஆகவே ஒவ்வொரு வெள்ளியும் மதிலுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போவாள். உள்ளே, பலா மரத்தடியில், அவளுடைய வாப்பா பதுர்தீனை அடக்கியிருந்தார்கள். வந்த சம்பந்தத்தை வேண்டாமென்று அவரோடு சண்டை போட்டு, நாவுலயிலுள்ள மாமி வீட்டுக்குப் போனவள் அவள். வாப்பாவின் மவுத்துச் செய்தி கிடைத்து, சி.டி.பி. பஸ் பிடித்து மாத்தளைக்கு வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கவில்லை. சண்டை போட்டதற்கு மாப்புக் கேட்கவில்லை. மறுமையில் எந்த முகத்தோடு வாப்பா முன்னால் போய் நிற்பது?

கூடப் பிறந்த ஆண் துணையும் இல்லை. தெரிந்தவர்களிடம் கேட்க வெட்கம். தெரியாதவனை அண்ணனென்று அழைத்துக் கேட்டுவிட்டாள்.

"நானா... வாப்பாட கபுறுக்கு என்ட சலாத்தச் செல்லி, ஒரு பாத்திஹா ஓதுவீங்களா? நான் மாப்புக் கேக்கிறேண்டும் செல்லுங்க."

"மண்ணுக்குள்ள போனவங்களுக்கு இதெல்லாம் காதுல விழுமா, தங்கச்சி?"

"விழாமலா? மவுத்தோட எல்லாம் முடிஞ்சிடும்னா, நாம எதுக்குத்தான் வாழ்றோம்?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

அதன்பின் வெள்ளிதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தான். பெயர் ஜவாஹிர். யட்டவத்தவில் மிளகு வாங்கி டவுன் கடைகளுக்குப் போடுகிறவன். உள்ளே போவான்... வெளியே வந்து தலையை மட்டும் ஆட்டுவான். அதிலேயே அவள் நெஞ்சுப் பாரம் இறங்கும். வியாழக்கிழமை வந்தாலே ஏன் இந்தப் படபடப்பு? எல்லாம் வாப்பாவுக்காகத்தான் என்று சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

எட்டாம் வெள்ளி அவன் உள்ளே போகவில்லை.

"ஒண்டு செல்லணும்... நான் ஒரு நாளும் பாத்திஹா ஓதல்ல."

அவள் குடையைப் பின்னால் சாய்த்து அவனை நேரே பார்த்தாள்.

"மூணு வருஷத்துக்கு முந்தி என்ட பொஞ்சாதியும் பொறந்த புள்ளயும் ஒரே நாள்ல மவுத்தானாங்க. அண்டைக்கு விடிய விடிய ஓதினேன். அதோட சரி... அல்லாஹ்வோட எனக்குக் கோவம். உங்கட மொகத்தப் பாத்து ஏலாதுண்டு செல்ல முடியல்ல."

"ஏழு வெள்ளியா ஏமாத்தினீங்களா! என்ட வாப்பா ஒரு சலாமும் இல்லாம கெடந்தாரா?" அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. "இனி இந்தப் பக்கம் வராதீங்க!"

விறுவிறுவென்று நடந்தாள்.

"சலாம் சொன்னேன்!" அவன் குரல் உடைந்து வந்தது. "நீங்க மாப்புக் கேட்டதயும் சொன்னேன். ஓதத்தான் வரல்ல... மத்த நேரம் அவரோட பேசிக்கிட்டிருந்தேன்."

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"காதுல விழாதுண்டு சொன்னவர்... என்னத்தப் பேசினீங்க?"

"'மாமா, உங்கட மகள எனக்குத் தாரீங்களா'ண்டு. விழாதுங்கிற தைரியத்துலதான் கேட்டேன். இப்ப யாரோ காது குடுத்துக்கிட்டு இருக்கிற மாதிரியே ஈக்கிது, றஹீமா. பயமா ஈக்கிது..."

முதல் தடவையாக அவள் பெயரைச் சொல்லியிருந்தான். மழை குடையில் சடசடத்தது.

"வாப்பா என்ன சொன்னார்?"

"ஒண்டும் செல்லல்ல."

"வாப்பாக்குப் புடிக்காட்டி சும்மா இருக்க மாட்டார். வீடே அதிரும்." அவள் திரும்பினாள். கண்ணீரோடு ஒரு சின்னச் சிரிப்பு... "நானும் வாப்பாக்காக மட்டும் வரல்ல."

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"உள்ளுக்குப் போங்க. இண்டைக்கி மெய்யாவே ஓதுங்க. வாப்பாக்கும்... உங்கட பொஞ்சாதிக்கும் புள்ளக்கும்."

"வருமோ தெரியல்ல..."

"வராட்டி நான் எடுத்துத் தாறேன்."

அவன் போனான். மதிலோடு ஒட்டி நின்று, அவனுக்குக் கேட்கும்படி றஹீமா பாத்திஹாவின் முதல் வரியை ஓதினாள். மழைச் சத்தத்தை மீறி மறுபடியும் ஓதினாள். பிறகு உள்ளேயிருந்து, தடுமாறித் தடுமாறி, அவன் குரல் வந்தது. அவள் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள்.