பதினான்கு நாடுகளுக்குப் போன இயந்திரம்

காலை ஏழரை மணிக்கு வந்த பெண்மணி நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பேசினார்.

"கையெழுத்து என்னுது சார். பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. அதுக்குள்ள தொழிற்சாலையக் காட்டலைன்னா என் வேலை போயிடும். வீட்டுக்காரருக்கு வேலை போயி எட்டு மாசமாச்சு. இப்ப என் சம்பளம் ஒண்ணுதான்."

அவர் மாநில வெளிவணிகத் துறையில், ஏற்றுமதி மேசையில் பத்தொன்பது வருடமாகப் புள்ளிவிவரம் தொகுப்பவர். எதிரே அமர்ந்திருந்தவர் துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருடம் சரக்குச் சோதனை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார் என்பதால் அவருக்குத் 'தராசு' என்று பெயர். பக்கத்தில் ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றியபடி நின்றவர் அவருடைய மனைவியின் தம்பி. பிழைப்புக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. மனமெல்லாம் துப்பறிதல்.

"எந்தத் தொழிற்சாலைம்மா?" என்றார் தராசு.

பெண்மணி பையிலிருந்து ஒரு வழவழப்பான புத்தகத்தை எடுத்தார். 'உலகை வென்ற நம் மாநிலம்'. உள்ளே உலக வரைபடம் ஒரு பக்கம். துறை இயக்குநரின் புகைப்படம் ஆறு பக்கம். தோலும் கல்லும் நூலும் மூன்று நான்கு நாடுகளுக்குத்தான் போகின்றன என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. கொட்டை எழுத்தில் இருந்தது வேறு: 'எண்ணெய் பிழியும் இயந்திரம் – பதினான்கு நாடுகளின் தேர்வு!'

"இதப் படிச்சுட்டு ஒரு வெளிநாட்டுக் குழு, நாப்பது இயந்திரம் வாங்கணும், செய்யற இடத்தப் பாக்கணும்னு வந்திருக்கு. எந்தத் தொழில் பட்டியல்ல தேடியும் அப்படி ஒரு தொழிற்சாலையே இல்ல சார். நீதான் இட்டுக்கட்டி எழுதினேனு இயக்குநர் சொல்றார். தற்காலிக நீக்க உத்தரவு டைப் ஆயிடுச்சு. அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி."

"நீங்க எதப் பாத்து எழுதினீங்க?"

"துறைமுகத்துல இருந்து வர்ற வெள்ளைப் படிவத்த. விற்பனைக்குப் போற சரக்குக்கு வெள்ளை. போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு மஞ்சள், அது எங்க கணக்குலயே சேராது. நான் கவனமாத்தான் சார் எழுதுவேன். எங்க பட்டியல்ல ஒரு நாடு ஏறினாத்தான் எங்க ஆளுங்க அந்த நாட்டுக்கே போக முடியும். வெட்டிப் பயணத்தத் தடுக்க வந்த விதி."

பதினான்கு வெள்ளைப் படிவங்களின் நகலையும் தராசு வரிசையாகப் பரப்பினார். நான்கு வருடத்துச் சரக்கு. எந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்குக் குறைவான இடைவெளி இல்லை. ஒவ்வொன்றிலும் எடை அறுநூற்றுப் பதினான்கு கிலோ.

"பாத்தீங்களா அத்தான், கிலோ கூடப் பிசகல! பெரிய கம்பெனிதான்" என்றார் மைத்துனர்.

"படிவத்துல அனுப்பினவர் விலாசம் இருக்கு மாப்ளே. ஓடிப் போய்ப் பாத்துட்டு வா."

மைத்துனர் நாற்பது நிமிடத்தில் திரும்பினார். முகம் பிரகாசமாக இருந்தது. "அங்க தையல் கடை இருக்கு அத்தான்! அதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக் பட்டறையாம். ஒரே ஒரு இயந்திரம் செஞ்சார், அத அரசாங்கம் வாங்கிச்சு, அந்தச் சந்தோஷத்துலயே கடைய மூடிட்டார்னு தையல்காரர் சொல்றார். சந்தேகமே இல்ல, கடத்தல்! பெட்டிக்குள்ள தங்கம்!"

"தங்கத்த வெளிய கடத்துறவன இப்பத்தான் கேள்விப்படறேன்" என்று தராசு செருப்பை மாட்டினார்.

மணி ஒன்பதே முக்கால்.

இயக்குநரின் அறையில் ஏசி ஓடியது. ஆனாலும் அவருக்கு வியர்த்தது. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். ஒரே கோட்டில், ஒரே புன்னகையில், பதினான்கு கட்டடங்களுக்கு முன்னால் அவரே. ஒவ்வொன்றின் கீழும் ஊரும் தேதியும் பொன்னெழுத்தில்.

"உலக வணிகம்கிறது ஒரு தவம்" என்று ஆரம்பித்தார் அவர். "நான் தூங்கி நாலு வருஷமாச்சு. இந்தம்மா ஒரு பட்டியல ஒழுங்கா எழுதல. மாநிலத்தோட மானம் போகுது." மேசை மேல் அந்த உத்தரவு இருந்தது. பெண்மணி அதைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்.

தராசு படங்களின் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரமே இல்லை. பெண்மணிக்கு அழுகை வந்தது.

கிடங்கு பின்கட்டில் இருந்தது. கண்காட்சி அதிகாரியும் சரக்கு ஏஜென்டும் அங்கே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு என்ன சார் தெரியும்?" என்றார் ஏஜென்ட். "இயக்குநர் ஆபீஸ்ல இருந்து எந்தப் படிவம் வருதோ, அத ஒட்டி அனுப்புவேன். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் எனக்கு ஒரே கூலி."

"கண்காட்சிக்குச் சாமான் கட்டித் தர்றதோட சரி" என்றார் அதிகாரி. "நான் எங்கயும் போனதில்ல. பாஸ்போர்ட்டே கிடையாது."

மூலையில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல் பழைய ஒட்டுத்தாள்களைச் சுரண்டிய தழும்புகள். மூடியைச் சுற்றிப் பன்னிரண்டு போல்ட்டுகள். அவற்றின் தலைகள் தேய்ந்து பளபளத்தன. தராசு அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெண்மணியிடம் திரும்பினார்.

"இறக்குமதிக்கும் இப்படிப் புத்தகம் உண்டா?"

"உண்டு சார். அது இறக்குமதி மேசை போடறது. எனக்கு முதுகுப்பக்கம் உக்காந்திருக்கிறவர்."

"அவர்கிட்டக் கேட்டதுண்டா?"

"நாங்க பேசிக்கிறதில்ல சார். மின்விசிறி யார் பக்கம்னு ஒரு சண்டை. ஒம்பது வருஷமாச்சு."

"இப்பப் பேசுங்க. எண்ணெய் இயந்திரம் எந்தெந்த நாட்டுல இருந்து வந்திருக்குனு கேளுங்க."

அவர் தொலைபேசியில் பேசினார். பேசப் பேச முகம் வெளுத்தது. "பதினாலு நாட்டுல இருந்து" என்றார். "நாம அதிக நாடுகள்ல இருந்து வாங்கற பொருளும் அதுதானாம். எல்லாம் அறுநூத்துப் பதினாலு கிலோ."

மணி பதினொன்றரை. இயக்குநரைக் கிடங்குக்கே அழைத்து வரச் சொன்னார் தராசு. எல்லோரும் பெட்டியைச் சுற்றி நிற்க, தராசு சாவகாசமாகப் பேசினார்.

"ரெண்டு பெட்டி அடிச்சா ரெண்டும் ஒரே எடை வராது. மரம் ஈரம் குடிக்கும், ஆணி கூடக் குறைய இருக்கும். பதினாலும் ஒரே எடைன்னா, ஒரு தடவை நிறுத்தத அப்படியே எழுதிக்கிட்டிருக்காங்க. ஏன்னா பெட்டி ஒண்ணுதான். வித்த சரக்குக்கு ஆணி அடிப்பாங்க. அனுப்பினவன் மறுபடி திறக்கப் போறதில்ல. இதுல போல்ட். கழட்டி மாட்டித் தேஞ்சிருக்கு. போயி, கண்காட்சில நின்னு, திரும்பி வர ரெண்டு மாசம். அதான் அந்த இடைவெளி. மஞ்சள் இல்லாம திரும்பி வந்ததால ஒவ்வொரு தடவையும் இறக்குமதினு ஏறியிருக்கு."

"கண்காட்சிக்குப் போறது மஞ்சள் படிவத்துலல்ல போகணும்?" என்றார் மைத்துனர், முதல்முறையாகச் சரியாக.

"ஆமா மாப்ளே. வெள்ளையில போனா யாருக்கு லாபம்? ஏஜென்டுக்கு ஒரே கூலி. அதிகாரிக்குப் பாஸ்போர்ட்டே இல்ல. இந்தம்மாவுக்கு வேலை போறதுதான் லாபம். ஆனா வெள்ளையில போனாத்தான் அந்த நாடு பட்டியல்ல ஏறும். ஏறினாத்தான் ஒருத்தர் அந்த நாட்டுக்குப் போய்ப் படம் எடுத்துக்க முடியும். சுவத்துல இருக்கிற ஒவ்வொரு தேதியும் பெட்டி கிளம்பினதுக்கு மூணு வாரம் கழிச்சு. படிவம் போனது உங்க ஆபீஸ்ல இருந்து சார்."

இயக்குநர் வாயைத் திறந்தார். தவம், மானம், உலகம் எதுவும் வரவில்லை. "விமானத்துல எனக்குத் தலை சுத்தும். அப்படியும் நாட்டுக்காகப் போனேன்" என்று மட்டும் வந்தது.

அதற்குள் வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். குழுவின் தலைவி, நரைத்த குட்டை முடிக்காரர், மொழிபெயர்ப்பாளருடன் நேராகக் கிடங்குக்கே வந்துவிட்டார். தொழிற்சாலை எங்கே என்றுதான் முதல் கேள்வி.

இயக்குநர் பெண்மணியைப் பார்த்தார். கையிலிருந்த உத்தரவைச் சற்று உயர்த்தியும் காட்டினார். ஒரு பொய் போதும். பட்டறையில் விடுமுறை என்றால் கூடப் போதும். தராசு பெட்டியிலிருந்து ஓரடி விலகி நின்றார். இது அவர் நிறுக்கிற சரக்கு இல்லை.

"தொழிற்சாலை இல்ல" என்றார் பெண்மணி. "இருக்கிறது இந்த ஒரு இயந்திரம்தான். பட்டியல்ல இருக்கிறது தப்பு. எழுதினது நான்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் தலைவி பெட்டியையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மூணு கண்காட்சில இந்த இயந்திரத்தப் பாத்தாங்களாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இந்த இயக்குநரையும் பாத்தாங்களாம். நாப்பது வேண்டாம், இது ஒண்ண வாங்கிக்கிறாங்க. செஞ்ச மெக்கானிக்கத் தேடிப் பிடிச்சா மிச்சத்தப் பேசலாம். ஆனா இனிமே பேச்செல்லாம் உண்மையச் சொன்ன இந்தம்மாகிட்ட மட்டும்தானாம். எழுத்துல வேணுமாம்."

இயக்குநர் உத்தரவை நான்காக மடித்தார். போதாதென்று எட்டாகக் கிழித்தார்.

மைத்துனர் ஆணியும் சுத்தியலும் தேடி ஓடினார். பெண்மணி பெட்டி மேலேயே தாளை வைத்துத் திருத்தம் எழுதினார்: எண்ணெய் பிழியும் இயந்திரம், ஒரு நாடு. எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. கையெழுத்து நேராக விழுந்தது.

"ஏம்மா" என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "ரெண்டாயிரம் புத்தகம் அச்சாயிடுச்சு. பதினாலு நாடுனு இருக்கு. அத என்ன செய்யறது?"

"அட்டைய மட்டும் மாத்துங்க சார்" என்றார் பெண்மணி. "பயணக் கட்டுரைனு போட்டுட்டா உள்ள ஒரு வரியும் திருத்த வேண்டாம்."