துறைமுகத்தில் அவள் சொன்னது

மௌனப்படத்தின் நாயகி முதல் முறையாகப் பேசியபோது கோயம்புத்தூர் அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

படம் சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு சென்னையில் எடுக்கப்பட்டது. கடைசிக் காட்சி துறைமுகம். கணவன் பிழைப்புத் தேடி ரங்கூன் கப்பலில் ஏறிவிட்டான். கரையில், கூட்டத்துக்கு நடுவே மனைவி நிற்கிறாள். கப்பல் நகரும்போது அவள் ஏதோ சொல்கிறாள். அவன் காதருகே கையைக் குவிக்கிறான். கேட்கவில்லை. ஆனாலும் தலையாட்டுகிறான். அத்தோடு படம் முடிகிறது. அவள் என்ன சொன்னாள் என்று ஓர் எழுத்து அட்டைகூடப் போடவில்லை. அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அழுதிருக்கிறார்கள்.

இப்போது அவளுடைய சொந்தக் குரலிலேயே அது கேட்டது. “எவனோ என் காலை மிதிச்சுக்கிட்டு நிக்கிறான். இன்னும் எத்தனை தரம்தான் எடுப்பீங்க? வெயில் மண்டையைப் பிளக்குது.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பரிதிக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. இதழொலிப்பானை உருவாக்கிய குழுவுக்கு அவன்தான் தலைவன். அந்தப் பொறி உதட்டை மட்டும் படிப்பதில்லை. கன்னத் தசையின் இழுப்பு, தொண்டைக்குழியின் அசைவு, தாடையின் அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்த ஆளின் குரல் எப்படி இருந்திருக்குமோ அப்படியே பேசிக் காட்டும். பிழை என்பது மிகவும் அபூர்வம்.

“சிரிச்சுக்கிட்டே போறாங்க சார்,” என்றாள் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் மெஹருன்னிசா. “ஆனா யாரும் கைக்குட்டையை எடுக்கலை. ரெண்டாவது தடவை பார்க்க ஒருத்தர்கூட வர மாட்டாங்க.”

“உண்மை தெரிஞ்சதுக்கப்புறம் எதுக்கு அழணும்?”

அவள் சொன்னதுதான் நடந்தது. படம் இரண்டு வாரத்தில் தூக்கப்பட்டது. ஆனால் நிறுவனத்துக்கு அதனால் நஷ்டமில்லை. அதைவிடப் பெரிய மௌனப்படக் குவியல் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் கிடந்தது. கல்யாண வீடியோ. எந்தக் காலத்திலும் நம் ஊர் வீடியோக்காரர்கள் மண்டபத்துச் சத்தத்தை அழித்துவிட்டு, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுத்தானே கொடுக்கிறார்கள். அத்தனையும் இப்போது வாய் திறந்தன. மணமகளுக்குத் திருநீறு பூசிக்கொண்டே சிரித்த முகத்தோடு மாமியார் நகையைப் பற்றிச் சொன்னது கேட்டது. சீர்த்தட்டை நீட்டியபடி சித்தப்பா முணுமுணுத்தது கேட்டது. சில குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றது. ஒரு வக்கீல் இதற்கென்றே தனி அலுவலகம் திறந்தார்.

பரிதி தன் கல்யாண வீடியோவைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் இருந்ததில்லை, ஷில்லாங் பேச்சு வரும்வரை.

அவன் மனைவி நறுமுகை மண்ணியல் ஆராய்ச்சியாளர். மேகாலயாவின் மலைச்சரிவுகளில் இரண்டு வருட வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாக, சாம்பார் ஊற்றும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள். பரிதியும் சாதாரணமாக “சரி” என்றான். சமீப காலமாக வீட்டில் பேச்சே குறைந்திருந்தது. சண்டை இல்லை, அவனுக்கு நேரம் இல்லை. இவள் வேலைக்குப் போகிறாளா, தன்னை விட்டுப் போகிறாளா? கேட்க வாய் வரவில்லை.

அவளுடைய அன்புக்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி அந்த வீடியோதான். தாலி ஏறியதும் கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கும். நறுமுகை அவன் பக்கம் தலையைச் சாய்த்து ஏதோ சொல்வாள். கண் கலங்கியிருக்கும். அவன் தலையாட்டுவான். என்ன சொன்னாள் என்று அன்று காதில் விழவில்லை, பிறகும் அவளிடம் கேட்டதில்லை. அந்தப் பார்வை ஒன்றே பதினான்கு வருடங்களாக அவனுக்குப் போதுமாக இருந்தது. இப்போது போதவில்லை.

மதிய உணவு இடைவேளையில் அதைப் பொறியில் போட்டான். அவளுடைய இளம் குரல் தெளிவாக வந்தது. “அந்த ஃபேன் ஓமப் புகையை எல்லாம் என் கண்ணுலயே அடிக்குதுங்க. திருப்பச் சொல்லுங்களேன்.”

இதழொலிப்பான் சட்டகத்தில் உள்ள ஒரு முகத்தையும் விடாது. அடுத்ததாக அவன் முகத்தையும் படித்தது. தலையாட்டிய பிறகு அவனும் ஏதோ சொல்லியிருந்தான். அதையும் கேட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தான்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது நறுமுகை கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவனால் அடக்க முடியவில்லை. அவள் சொன்னதை மட்டும் சொன்னான்.

“ஃபேனா?” மடித்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். “அதுக்குத்தான் அப்படி மண்டையை மண்டையை ஆட்டினீங்களா? கடைசி வரைக்கும் அந்த ஃபேன் திரும்பவே இல்லீங்க.”

“சிரிக்காதே. நீ கண் கலங்கினது எனக்காகன்னு நினைச்சிருந்தேன். வெறும் புகை.”

“யார் சொன்னது வெறும் புகைன்னு?”

“மெஷின்.”

“மெஷின் வாயைப் பத்தித்தானே சொல்லும். கண்ணைப் பத்தி அதுக்கென்ன தெரியும்?”

பரிதி நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

“அந்தக் கப்பல் படத்தைக் காலேஜ்ல பார்த்தோம். அவ ‘சீக்கிரம் வந்துடு’ன்னு சொல்றதா ஒருத்தி சொன்னா. ‘என்னை மறந்துடு’ன்னு சொல்றதா இன்னொருத்தி சொன்னா, அவளுக்கு அப்ப காதல் முறிஞ்சிருந்துச்சு. எங்க ஹாஸ்டல் வார்டன் ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு அவங்கவங்களுக்கு வேண்டியதை அவங்கவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க அவளைப் பேச வெச்சு வாயடைச்சுட்டீங்க.”

பரிதி ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

“நீங்களும் அன்னிக்கு ஏதோ சொன்னீங்க,” என்றாள் நறுமுகை. “தலையாட்டிட்டு. மேளச் சத்தத்துல எனக்கும் கேக்கலை.”

“கேட்டிருக்கலாமே.”

“எதுக்கு? எனக்குத்தான் புரிஞ்சுதே.”

“என்ன புரிஞ்சுது?”

“‘நீ எங்க வேணாலும் போய்ட்டு வா, வீடு இங்கயே இருக்கும்’னு. அந்தத் தைரியத்துலதான் ஷில்லாங்குக்குச் சரின்னு சொன்னேன். வேற ஒருத்தரைக் கட்டியிருந்தா விண்ணப்பமே போட்டிருக்க மாட்டேன்.” சட்டென்று அவள் கை நின்றது. “உங்க முகத்தையும் அதுல போட்டுப் பார்த்தீங்களா?”

அவள் முகத்தில் அவன் பயத்தைப் பார்த்தது அப்போதுதான். பரிதியின் காதுக்குள் அவனுடைய இருபத்தேழு வயதுக் குரல் மீண்டும் ஒலித்தது. மணமேடையில், அவளைப் பார்த்துச் சிரித்தபடி, பின்னால் நின்ற தாய்மாமனிடம் அவன் கேட்டிருந்தான்: “மாமா, வாசல்ல என் புதுச் செருப்பு கிடக்குது. யாராச்சும் பார்த்துக்கறாங்களா?”

“போட்டுப் பார்க்கலை,” என்றான். “எதுக்குப் போடணும்? எனக்கே ஞாபகம் இருக்கு. நீ சொன்னதையேதான் சொன்னேன்.”

அது பொய். ஆனால் சொல்லி முடித்தபோது அவனுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. நறுமுகை அவனுடைய பழைய ஸ்வெட்டர் ஒன்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த வாரம் மெஹருன்னிசா ஒரு செய்தியோடு வந்தாள். ரசிகர்கள் கேட்டுக்கொண்டதால் அரங்கில் பழைய மௌனப் பிரதியையே மறுபடியும் போடுகிறார்களாம். “கால் மிதிபட்ட கதை எல்லாருக்கும் தெரியும் சார். ஆனாலும் அழறாங்க. எனக்கே புரியலை.”

பரிதி தனியாகப் போய்ப் பார்த்தான். கப்பல் நகர்ந்தது. அவள் உதடுகள் அசைந்தன. வெயில், கால், எத்தனை தரம் என்று ஒவ்வொரு சொல்லும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் வேறு எதையோ சொன்னாள், அவனுக்கு மட்டும். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரிதியும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நறுமுகை கிளம்பிய நாளில் விமான நிலையம் நிறைந்திருந்தது. இதழொலிப்பானின் கைபேசி வடிவம் வெளிவந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் தடித்த கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். உள்ளே நின்றவர்கள் வாயசைக்க, கைபேசிகள் பேசின.

“கேஸ் அடுப்பை அணைச்சியான்னு கேக்கறா,” என்றார் ஒருவர்.

“சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்காம்,” என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர்.

யாரும் அழவில்லை. அழுவதற்கு அங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை.

சோதனை முடிந்து நறுமுகை கண்ணாடி அருகே வந்தாள். கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, ஏதோ சொன்னாள்.

பக்கத்தில் நின்றவர் தன் கைபேசியை அவள் பக்கம் திருப்பப் போனார். “உங்க வீட்டம்மாங்களா? பிடிச்சுச் சொல்லட்டுங்களா?”

“வேண்டாங்க,” என்றான் பரிதி. “எனக்குப் புரியுது.”

தன் கைபேசியை அவன் பையிலிருந்து எடுக்கவேயில்லை. அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் கண் கலங்கியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகை எதுவும் இல்லை.