முன்னால் வந்த இருமல்

நடந்ததை முன்பின் மாற்றிச் சொல்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. மழைக்காலம் என்பது நிச்சயம். முதலில் கேட்டது இருமல் என்பதும் நிச்சயம்.

பிற்பகல் மூன்று மணி. நனைந்த சுவரின் மணமும், நெடுநேரமாக ஓடிச் சூடேறிய கருவிகளின் மணமும் கலந்து கிடந்த அந்த அறையில் அவன் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியின் கட்டைகள் முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சுவரோரம் இருந்த டேப் இயந்திரத்தின் ஸ்பீக்கரிலிருந்து யாரோ இருமினார்கள். வறண்ட, பாதியில் விழுங்கிய இருமல். நான்கு விநாடி கழித்து அவன் தொண்டை அரித்தது. இருமினான். அதே இருமல்.

அவன் தனியாளாக இசை செய்கிறவன். பாட்டு கிடையாது, சொல் கிடையாது, மின்சாரத்தின் குரல் மட்டும். மின்சாரத்தை முதன்முதலில் இசையாக்கியவர்கள் இரண்டு டேப் இயந்திரங்களை அருகருகே வைத்து ஒரு வேலை செய்வார்கள். முதல் இயந்திரம் பதிவு செய்யும். அதே டேப் துணிக்கொடி போல அந்தரத்தில் போய் இரண்டாவதில் நுழைந்து ஒலிக்கும். வாசித்த சுரம் நான்கு விநாடி கழித்து எதிரொலியாகத் திரும்பி வரும். தன் இசைத் தொகுப்பின் கடைசிப் பகுதிக்கு அவனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். அறையின் மூச்சும் இசையில் இருக்கட்டும் என்று ஒரு மைக்கையும் திறந்து வைத்திருந்தான்.

அன்று காலை சுருள் மாற்றும்போது டேப்பைத் தலைகீழாகக் கோத்துவிட்டிருந்தான். அது முதலில் ஒலிக்கும் இயந்திரத்துக்குள் போய், பிறகுதான் பதியும் இயந்திரத்துக்கு வந்தது. அப்படியானால் ஒலிக்க அதில் எதுவுமே இருக்கக் கூடாது. வெறும் டேப்.

உடனே சரிசெய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நான்கு விநாடி தள்ளியாவது துணைக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று தோன்றியது.

மாலையில் போன் அடித்தது. அக்கா.

"டேய் ஊமைக்கோட்டான், இருக்கியா?"

"ம்."

"இந்த 'ம்'மைக் கேக்கத்தான் நான் வாரா வாரம் போன் பண்றேனா? மாடி ரூமைக் காலி பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வரேன். இந்தத் தடவை உன்னைக் கையோட கூட்டிட்டுத்தான் போவேன்."

வருகிறேன் என்று சொல்லத்தான் ஆசை. பதினோரு வருடத் தனிமையில் பேச்சு துருவேறிப் போயிருந்தது.

"பாக்கலாம்க்கா."

ஞாயிற்றுக்கிழமை கேட்டால் சரி என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் ஒலிக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் நடையின் கடைக்கோடியில் வைத்தான். இப்போது நாற்பது விநாடி முன்னதாகவே எல்லாம் கேட்டது. நாற்காலியின் முனகல், சுவிட்சின் சொடுக்கு, மழை வலுப்பது. எல்லாம் அப்படியே பின்னால் வந்து சேர்ந்தன. நாற்காலி முனகலுக்குப் பிறகு யாரோ மெல்ல ஒரு மெட்டை முணுமுணுத்தது மட்டும்தான் இடித்தது. அவன் முணுமுணுக்கிறவன் இல்லை.

ஞாயிறு மதியம் ஸ்பீக்கரில் ஒரு கனத்த சுரம் எழுந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பது விநாடி. அறையில் அதே சுரம் ஒலித்தது. எந்தக் கட்டையும் அமுங்கவில்லை. பதியும் ஒலியின் அளவைக் காட்டும் பதிவுமானியின் முள் மட்டும் துள்ளி எழுந்து விழுந்தது.

நிறுத்திவிட எழுந்தான். அப்போது நடையின் கோடியிலிருந்து அழைப்பு மணி கேட்டது. வாசலில் இல்லை, டேப்பில். கதவு திறக்கும் சத்தம்.

"வாக்கா! உனக்காகத்தான் காத்துட்டிருந்தேன்."

அவன் குரல். இவ்வளவு இளக்கமாக அவன் பேசி அவனே கேட்டதில்லை.

"அடேயப்பா! ஊமைக்கோட்டானுக்கு வாய் வந்துடுச்சே!"

"கிளம்பலாம்க்கா. பெட்டி ரெடி."

அவனுக்குக் கண் கலங்கியது. சொல்லிவிடப் போகிறேன், கடைசியில் சொல்லிவிடப் போகிறேன். டேப்பில் அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து வருவது போல மெலிதாக இன்னொரு குரல்.

"அக்கா... அது நான் இல்லக்கா."

அதுவும் அவன் குரல்தான்.

நடைக்கு ஓடினான். அந்தரத்தில் டேப் நடுங்கிக்கொண்டே ஓடியது. அதைப் பிடித்து அறுக்கக் கை நீட்டினான். விரல்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி. ஒன்றுமில்லை.

வாசலில் மணி அடித்தது.

பின்னால் செருப்புச் சத்தம். அவன் செருப்பு. மெல்ல ஒரு மெட்டு. அவனைத் தாண்டிப் போனது. தாழ்ப்பாள் விலகியது.

"வாக்கா!"

குடையை மடக்கியபடி அக்கா உள்ளே வந்தாள். அவள் பார்வை அவன் மேல் பட்டது. நிற்காமல் கடந்து போனது.

அவன் கத்தினான். அடிவயிற்றிலிருந்து, முழு மூச்சையும் திரட்டிக் கத்தினான். பதிவுமானியின் முள் ஒரு மயிரிழை அசைந்தது.

அக்கா தம்பியோடு ஊர் போய்ச் சேர்ந்தாள். இப்போது அவன் மாடி அறையில் இருக்கிறான். ஓயாமல் பேசுகிறான், வாயை மூடவே மாட்டேன் என்கிறான் என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமையாக அலுத்துக்கொள்கிறாள். இசைப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. தொகுப்பு பாதியில் நின்றுபோனது. வீட்டுக்காரர் இயந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டார். வீடு மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. மழைநாளில் மூன்று மணி வாக்கில் அந்த அறையில் இருமல் கேட்கிறது என்கிறார். வறண்ட, பாதியில் விழுங்கிய இருமல். ஒன்றே ஒன்று. அதற்கு முன்னாலும் எதுவும் வருவதில்லை, பின்னாலும் வருவதில்லை.