அவளையும் கூட்டிட்டு வாங்க

கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அறைக்குள் நுழைந்த ஜீவராணி முகத்தைச் சுளித்தாள். கணவன் விஜேந்திரனின் வாடை. லீவில் வரும்போதெல்லாம் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற, எத்தனை தரம் தோய்த்தாலும் போகாத, எண்ணெயும் இரும்பும் அடைந்த காற்றும் கலந்த வாடை. ஆனால் அவன் கடலுக்கடியில் போய் இரண்டு மாதமாகிறது.

லண்டனில் சித்தப்பா வீட்டில் வளர்ந்து அந்த நாட்டுக் கடற்படையில் சேர்ந்தவன். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மேட்டில் வீடு கட்டி அவளைக் குடிவைத்தான். வாயைத் திறந்தால் கப்பல் பேச்சுத்தான். அதை "அவ" என்றுதான் சொல்வான்.

"இருவத்தஞ்சு வருசத்துக்கு எண்ணெயே ஊத்த வேணாம் ஜீவா. மூச்சுவிடக் காத்து, குடிக்கத் தண்ணி, எல்லாத்தயும் கடல்ல இருந்து அவளே எடுத்துக்குவா. நாங்க திங்கிற சோறு தீர்ந்தாத்தான் மேல வரணும்."

சொல்லும்போது அவன் முகத்தில் வருகிற குழைவைப் பார்க்க ஜீவராணிக்கு வயிறு எரியும். இரும்புக்கு இப்படி உருகுகிறவன் தனக்காக ஒருநாளாவது உருகியிருப்பானா?

வீட்டிலிருந்து வாரம் ஒரு சின்னச் செய்தி அனுப்பலாம். பதில் வராது, பதில் போட்டால் கப்பல் இருக்குமிடம் தெரிந்துவிடுமாம். போன வாரம் எரிச்சல் தாங்காமல், "அவ்வளவு ஆசைன்னா அவளையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

பின்னேரம்தான். ஆனாலும் வெளியே மூடுபனி இறங்கித் தேயிலை மலையை விழுங்க, அறை இருண்டது. சுவருக்குள் எங்கேயோ ஒரு முனகல் இடைவிடாமல் கேட்டது. பாதங்கள் வழியாக ஏறிப் பற்களைக் கூசவைத்தது. ஃபிரிஜ்ஜா? கரண்ட் இல்லையே. லயத்து நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் படுக்கிற பக்கத்தில் கை பட்டது.

சூடு.

யாரோ இப்போதுதான் எழுந்துபோன சூடு. காது அடைத்தது. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வளைந்தது. ஓட வேண்டும். கட்டில் விளிம்பைப் பற்றினாள்.

அறைக்கு நேரே இருந்த வாசல் கதவு திறந்தது. விஜேந்திரன். சீருடையில்.

"என்னங்க... எப்ப வந்தீங்க?"

"நீதான கூட்டிட்டு வரச் சொன்ன," என்றான் மெதுவாக. "எந்திரி ஜீவா. அவ படுக்கணும்."

அவனுக்குப் பின்னால் ரோடு இல்லை. தேயிலை இல்லை. வாசற்படியிலிருந்து வானம்வரை கறுத்த தண்ணீர் நின்றது. ஒரு துளி உள்ளே சிந்தவில்லை. அதற்குள் நீளமாய் ஒன்று வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. விஜேந்திரன் அதைப் பார்த்தான். கலியாணமான இத்தனை வருஷத்தில் ஒருநாளும் ஜீவராணியை அவன் அப்படிப் பார்த்ததில்லை. உயிர் போகிற பயத்திலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

அது தலையைக் குனிந்து நிலைவாசலுக்குள் நுழைந்தது.